உன் முறை முடியும்வரை

ஜூன் 14, சனிக்கிழமை

மேலிடத்துக்கு,

நீ தேர்ச்சி பெற்றுவிட்டாய். இன்று மாலை ஆறு மணிக்கு நீயே போனில் சொன்னாய். போனை வைத்த பிறகு பயிற்சி நிலைய அலுவலகத்துக்கும் அழைத்துக் கேட்டேன். முடிவுகளில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி யாரும் மாற்ற முடியாது என்று எழுத்தர் சொன்னார். அது உறுதியான பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"அப்பாகிட்ட குடு" என்றாய். "தூங்குறார்" என்றேன். அது உண்மையில்லை.

மாமா ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நுரையீரலில் சளி கட்டி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று வார்டு டாக்டர் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அன்று மாலையே எல்லாம் முடிந்தது. உன் தேர்வு பன்னிரண்டாம் தேதி என்பதால் உனக்குச் சொல்லவில்லை.

ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன், எழுத்தில் வைத்தால் சரியாகத் தெரிகிறதா என்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே ஏறப் பார்த்தால் வீடு நிற்காது என்று நாம் முறை வைத்துக்கொண்டோம். முதலில் என் முறை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதினேன். வீட்டை நீ பார்த்துக்கொண்டாய். அடுத்தது உன் முறை. துறைமுக வாசலில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தவள் கிரேன் ஓட்டக் கற்றுக்கொள்ள அந்த ஊருக்குப் போனாய். வீட்டையும் உன் அப்பாவையும் நான் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது நம் முறை. நீ திரும்பி வந்து நம் ஊர்த் துறைமுகத்தில் சேர்ந்ததும், குழந்தை. யாருடைய முறை நடக்கிறதோ அவர் காதுக்கு வீட்டிலிருந்து கெட்ட செய்தி போகக் கூடாது. போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கடிதம் மட்டும். இது நாம் இருவரும் சேர்ந்து போட்டது.

தேர்வு முடிந்துவிட்டதால் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ மூச்சுவிடாமல் பேசினாய். பின்னால் யாரோ கைதட்டினார்கள். எனக்கு வாய் வரவில்லை.

மாமாவின் அறையில் எதையும் எடுக்கவில்லை. நீ எப்போது வருகிறாய் என்று சொல். ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

— நான்


ஜூன் 16, திங்கட்கிழமை

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் கிடைத்தது.

சனிக்கிழமை உங்களிடம் பேசிவிட்டு, அறையில் கூட இருக்கும் மூன்று பேருக்கும் டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்தேன். நேற்று கடைவீதிக்குப் போய் அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தேன். நீலக் கோடு போட்டது. முப்பது வருஷம் கண்டக்டர் காக்கியில் இருந்தவருக்கு இனி வெறும் சட்டையே ஆகாது, கோடோ கட்டமோ பூவோ ஏதாவது இருக்க வேண்டும் என்பார். கழுத்து அளவில் எனக்குச் சந்தேகம். "சேரலன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்கம்மா, மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அப்பா போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

நீங்கள் போனில் சொல்லாமல் கடிதத்தில் போட்டதால் எனக்கு இரண்டு நாள் சந்தோஷம் கிடைத்தது. அந்த இரண்டு நாளை நான் என்ன செய்வது?

சில விஷயங்கள் தெரிய வேண்டும். எப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள்? ஜூன் முதல் தேதிக் கடிதத்தில், அப்பா கேரம் ஆட்டத்தில் எதிர்வீட்டு அக்காவைத் தோற்கடித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அது என்ன? பிழைக்க மாட்டார் என்று உங்களுக்கு எப்போது தெரியும்? அவர் என்னைக் கேட்டாரா? யார் தூக்கினார்கள்?

போன் செய்யாதீர்கள். எடுக்க மாட்டேன். எழுதுங்கள்.

சான்றிதழ் வாங்க இருபத்தெட்டாம் தேதிவரை இங்கே மேற்பார்வையில் ஓட்ட வேண்டும். "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று பயிற்சியாளர் லீவு கொடுத்தார். வேண்டாம் என்றேன். வந்து யாரைப் பார்ப்பது?

இன்னொன்று. இந்த ஊர்த் துறைமுகத்திலேயே எனக்கு இரண்டு வருஷத்துக்கு வேலை தருகிறேன் என்கிறார்கள். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் முடியாது, எங்கள் வீட்டில் வேறு கணக்கு இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லவிருந்தேன். இன்னும் சொல்லவில்லை.


ஜூன் 18, புதன்கிழமை

மேலிடத்துக்கு,

கடிதம் முழுக்க 'நீங்கள்' போட்டிருக்கிறாய். கல்யாணத்தன்று வீடியோக்காரர், "அவரை வாங்க போங்கன்னு கூப்பிட்டுக் காட்டுங்க" என்று கெஞ்சியபோதுகூட நீ மசியவில்லை. சரி. உன் இஷ்டம்.

நீ கேட்டவற்றுக்குக் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

மே கடைசி வாரம் இருமல் வந்தது. இருபத்தொன்பதாம் தேதி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சேர்த்தேன். மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தார். பார்வை நேரத்தில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நெருக்கிக்கொண்டு நின்றது. மாமா படுத்தபடியே, "உள்ள நகருங்க, நடுவுல எவ்வளவு இடம் இருக்கு பாருங்க" என்றார். அவர்களும் நகர்ந்துவிட்டார்கள். ஊசி போட வந்த நர்ஸ் சிரித்த சிரிப்பில் மறுபடி நரம்பைத் தேட வேண்டியிருந்தது.

கேரம் ஆடியது உண்மை. ஆனால் அது மே இருபதாம் தேதி. நடந்ததைத்தான் எழுதினேன். தேதியை மட்டும் தள்ளி வைத்தேன்.

பிழைக்க மாட்டார் என்று தெரிந்தது ஏழாம் தேதி, சனிக்கிழமை. டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். மாடிப்படி அருகில் போனை எடுத்துக்கொண்டு நின்றேன். உன் விடுதி எண்ணைப் போட்டுவிட்டேன், பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. 'பன்னிரண்டாம் தேதிவரை என்ன நடந்தாலும் என் கையை அசைக்காதே' என்று மே மாதம் நீ எழுதியிருந்தாய். அன்று கிளம்பினால் ஞாயிறு காலை வந்திருப்பாய். திங்கட்கிழமை அவர் கூட இருந்திருப்பாய். வியாழக்கிழமை தேர்வுக்குப் போயிருக்க மாட்டாய். அடுத்த தேர்வு ஒரு வருஷம் கழித்துத்தான். உன் வயது வரம்பு அதற்குள் முடிந்துவிடும். இதெல்லாம் அந்தப் படிக்கட்டில் நின்றபடியே கணக்குப் போட்டேன். வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று யாரோ திட்டினார்கள்.

உன்னைக் கேட்டார்.

தூக்கியது நான், என் மெக்கானிக்குகள் இரண்டு பேர், எதிர்வீட்டு அக்காவின் கணவர். டெப்போவிலிருந்து மாமாவோடு வேலை பார்த்த டிரைவர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் வாசலிலேயே நின்று, "பொண்ணு எங்கப்பா?" என்றார். "பரீட்சை எழுதப் போயிருக்கா" என்றேன். "வந்துடுமா?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வருஷ வேலையைப் பற்றி எழுதியிருக்கிறாய். உனக்கு முப்பத்தேழு. இரண்டு வருஷம் என்றால் நம் முறை என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

— நான்


ஜூன் 20, வெள்ளிக்கிழமை

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

பதினெட்டு மாடிக் கட்டடம் என்றாலும் ஒவ்வொரு மாடியிலும் இறங்கிக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பவர் நீங்கள். 'உன்னைக் கேட்டார்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, கதவைத் திறக்காமல் அடுத்த மாடிக்குப் போய்விட்டீர்கள். என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

'உன் முறையில் நான் செய்ததெல்லாம் என் முறையில் நீ செய்ததுதான்' என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரண்டு கடிதத்திலும் அது ஓரமாக நிற்கிறது. நானே எடுத்து வெளியே வைக்கிறேன்.

நீங்கள் தேர்வுக்காகத் தலைமை அலுவலக விடுதியில் தங்கியிருந்தீர்கள். எனக்கு நாலாம் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு அக்காதான் என்னை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வயிற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து உங்களுக்குக் கடிதம் எழுதினேன், கால் வீக்கம் குறைந்திருக்கிறது, நன்றாக நடக்கிறேன் என்று. வீக்கம் குறைந்ததும் உண்மைதான், ஏன் குறைந்தது என்றுதான் எழுதவில்லை. தேர்வு முடிந்து நீங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னேன். காஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னேன், தெரியும். "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் உங்கள் பதவி உயர்வுக்கு ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தோம். நான் தண்ணீர் ஜாடியோடு கூடத்து வாசலில் வந்துகொண்டிருந்தேன். "பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்யா. பரீட்சை முடியற வரைக்கும் மூச்சு விடல" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஜாடியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். அன்றிலிருந்துதான் அது நம் வீட்டுச் சட்டமானது. அதற்கு முன்னால் அது நான் ஒரு தடவை செய்த காரியம் மட்டும்தான்.

எனக்கு நடந்ததை நான் மறைத்தேன். எனக்கு நடந்ததை நீங்களும் மறைத்தீர்கள். இரண்டு தடவையும் போனது என்னிடமிருந்துதான்.

அப்பா என்ன கேட்டார் என்று எழுதுங்கள்.


ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை

மேலிடத்துக்கு,

முதலில் ஒரு திருத்தம். அந்தத் தடவை என்னிடமிருந்தும் போனது.

நீ சொன்ன மறுநாள் எனக்குக் கடைவீதி வணிக வளாகத்தில் வேலை. மேலே லிஃப்ட் மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மோட்டார் ஓடும்போது அந்த அறையில் யார் என்ன செய்தாலும் வெளியே கேட்காது. மோட்டார் நின்றால் நானும் நிறுத்துவேன், யாராவது கீழே பொத்தானை அழுத்தினால் மறுபடி ஆரம்பிப்பேன். அன்று கடையில் நல்ல கூட்டம். வீட்டுக்கு வந்து உன்னிடம் காட்டவில்லை. நீ அழாமல் இருந்தாய். நீ எனக்காகத் தாங்கிக்கொண்டதை நான் அழுது கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். விருந்தில் பேசியதை நீ கேட்டாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பெருமை என்று நாலு பேரிடம் சொன்னால், பெருமையாக எடுத்துக்கொள்ள எனக்கும் பழகிவிடும் என்று பார்த்தேன். பழகவில்லை.

இப்போது நீ கேட்டது.

சேர்த்த மறுநாளிலிருந்தே மாமா கேட்டார். "அவளுக்குச் சொல்லிட்டியா மாப்ள?" காலையில் ஒரு தடவை, நான் வேலை முடிந்து போனதும் ஒரு தடவை. "சொல்றேன் மாமா" என்று நாலு நாள் ஓட்டினேன். சொல்லவே போவதில்லை என்று சொன்னால், அந்த அளவுக்கு நிலைமை மோசமா என்று யோசிப்பார் என்று பயந்தேன். மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்.

நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லிட்டேன் மாமா."

"என்ன சொன்னா?"

"பரீட்சை முடிச்சுட்டு வர்றேன்னா."

மேலே ஃபேனைப் பார்த்தபடியே கேட்டார்.

"அழுதாளா?"

"இல்ல மாமா."

"அழ மாட்டா. அவ கெட்டி." அப்புறம், "சரியாத்தான் சொல்லியிருக்கா. பாதியில இறங்குனா மிச்ச டிக்கெட்டுக்கு யாரு பொறுப்பு?" என்றார். சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதற்குப் பிறகு அவர் உன்னைக் கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் இல்லை மாமா, இன்னும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். மழை வருமா என்று கேட்டார்.

உனக்குத் தெரியும், தெரிந்தும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அவர் போனார். அதை நான்தான் செய்தேன். உன்னிடம் மறைத்தது நம் ஏற்பாடு என்று இப்போதும் என்னால் வாதாட முடியும். அவரிடம் சொன்னதற்கு என்னிடம் ஒரு வாதமும் இல்லை.

இதை முதல் கடிதத்திலேயே எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

— நான்


ஜூன் 25, புதன்கிழமை

உன் கடிதம் நேற்று காலை வந்தது. வேலைக்குப் போகும் வழியில் பிரித்துப் படித்தேன். அது தப்பு.

கிரேன் கூண்டில் நம் காலுக்குக் கீழே கண்ணாடி. முப்பத்தைந்து மீட்டர் கீழே கப்பலும் கன்டெய்னர் பெட்டிகளும் ஆட்களின் மஞ்சள் தொப்பியும் தெரியும். பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, கரைக்கு மேல் கொண்டுவந்தேன். லாரியில் இறக்க வேண்டும். கை நின்றுவிட்டது. நடுங்கவில்லை, சும்மா நின்றுவிட்டது. ஒரு லாரிச் சுமை அந்தரத்தில் தொங்குகிறது, கீழே டிரைவர் தலையை வெளியே நீட்டி மேலே பார்க்கிறான். ரேடியோவில் கீழே நிற்கும் ஆள், "என்னக்கா, பொட்டி தொங்குதே, தூங்கிட்டீங்களா?" என்றான். "இல்லப்பா" என்றேன். "அப்ப எறக்குங்கக்கா, வெயிலு மண்டையப் பொளக்குது." இறக்கினேன். ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது. பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஒன்றும் கேட்காமல் என்னைக் கீழே அனுப்பிவிட்டு அன்றைக்கு அவரே ஓட்டினார்.

உன்னை என்னவெல்லாம் கேட்கலாம் என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஐந்து பக்கம் எழுதினேன். அதெல்லாம் இதில் இல்லை, ஏனென்றால் எழுதிக்கொண்டே வரும்போது உனக்குத் தெரியாத ஒன்றில் வந்து நின்றேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அப்பா ஒரு வரி எழுதுவார். நீ ஒட்டுவதற்கு முன்னால் வாங்கி எழுதிக் கொடுப்பார், நீ படிக்கக் கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டே. ஒன்றும் பெரிதாக இருக்காது. 'உன் வீட்டுக்காரன் ரசத்தில் உப்பை மறந்துவிட்டான், ரைட்.' 'முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை, ரைட்.' எல்லா வரியும் ரைட்டில்தான் முடியும். நான் கவரைப் பிரித்ததும் முதலில் அடியில்தான் பார்ப்பேன்.

ஜூன் முதல் தேதிக் கடிதத்தில் அந்த வரி இல்லை. நீ அவசரமாக ஒட்டிவிட்டாய் என்று நினைத்தேன். ஆறாம் தேதிக் கடிதத்திலும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். கவருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். அப்புறம் கேரம் ஆடினார் என்று நீ எழுதியிருந்ததை எடுத்து மறுபடி படித்தேன். நன்றாக இருப்பவர் ஒரு வரி எழுத மாட்டாரா என்று ஒரு கேள்வி வந்தது. வந்தது என்று இப்போது பொய்யில்லாமல் சொல்கிறேன். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனேன்.

விடுதி அலுவலகத்தில் போன் இருக்கிறது. அறையிலிருந்து இறங்கினால் எதிரிலேயே. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். நேராகக் கேட்டால் உன்னால் பொய் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் தேதி முடியட்டும் என்று இருந்தேன். தேர்வில் கொக்கியில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டு, சிந்தாமல் கம்பங்களுக்கு நடுவில் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். சனிக்கிழமை உனக்குப் போன் செய்தபோது அவ்வளவு வேகமாகப் பேசினேன் என்றாயே. நிறுத்தினால் நீ ஏதாவது சொல்லிவிடுவாய் என்று பேசினேன். 'தூங்குறார்' என்றாய். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா என்றைக்குத் தூங்கியிருக்கிறார்? சரி என்று வைத்துவிட்டேன். மறுநாள் சட்டை எடுக்கப் போனேன்.

நீ அப்பாவிடம் சொன்னாயே, அவளுக்குத் தெரியும், பரீட்சை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள் என்று. நீ சொன்ன செவ்வாய்க்கிழமை அது பொய். அந்த வாரக் கடைசியில் அவ்வளவு பொய்யில்லை. இதை நினைத்துவிட்டால் உன்மேல் எனக்குக் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. கோபம் இருந்தபோது பரவாயில்லாமல் இருந்தது.

அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார் என்று படித்ததிலிருந்து நான் எந்தப் பக்கம் படுத்தாலும் சுவர் வருகிறது.

வேலையைப் பற்றி. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அது உனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து, ஒரு பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்கும்போது எனக்கு என்மேல் ஒரு மரியாதை வருகிறது. அப்பா போனதால் அது குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இங்கேயே இரண்டு வருஷம் என்றால் குழந்தை என்ற பேச்சே இருக்காது. அங்கே வந்தால், அந்த வீட்டில் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்டு தெரியும். என்னைப் பார்க்கும்போது உனக்கும் இனிமேல் அந்தத் தலையணை தெரியும். அப்படி ஒரு வீட்டில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து வைத்து, அதற்கு எதைச் சொல்லி எதை மறைத்து வளர்ப்போம்?

முடிவு செய்துவிட்டு உன்னிடம் மறைக்கிறேன் என்று நினைக்காதே. உண்மையாகவே இன்னும் தெரியவில்லை. திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

அப்பாவின் துணிகளை யாருக்கும் கொடுத்துவிடாதே.


ஜூன் 27, வெள்ளிக்கிழமை

நம் ஊர்த் துறைமுகத்தில் உன் இடத்தை ஜூலை இரண்டாம் தேதிவரை வைத்திருப்பார்கள். பணியாளர் பிரிவில் இன்று காலை நேரில் போய்க் கேட்டேன். அந்த அம்மா கோப்பைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்குமேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாதாம். இதை உன்னை வரவைக்கச் சொல்லவில்லை. எது எதுவரை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை எதிர்வீட்டு அக்கா கொண்டுவந்து கொடுத்தார். நான் படிக்கும்வரை வாசலிலேயே நின்றார். முடித்ததும், "என்ன எழுதியிருக்கா?" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும், உன்னைக் கூட்டிப் போனதிலிருந்து மாமாவுக்குத் துணி மாற்றியதுவரை. "இன்னும் தெரியலன்னு எழுதியிருக்கா" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக் காப்பாத்தியே கொன்னுடுவீங்க. ஒரு நாளாவது வாயத் திறந்து சண்ட போட்டு, தட்ட எறிஞ்சு, எங்க தூக்கத்தக் கெடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீ தலையணைக்கு அடியில் வைத்ததைப் பற்றி. அது என் தப்பைக் குறைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னைக் குறைவாக நினைக்கவும் தோன்றவில்லை. அந்த வரி இல்லை என்று நீ கவனிப்பாய் என்று எனக்கு முன்பே தெரியும். ஆறாம் தேதிக் கடிதத்தில் நானே அவர் கையெழுத்து மாதிரி எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். 'ரைட்' என்ற ஒரு சொல்தானே. முடியவில்லை. நீ கேட்டுவிடுவாய், போன் வரும் என்று ஒரு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்.

ஆக, மாமா கட்டிலில் கிடந்தபோது நீ அங்கே ஒரு போனுக்குப் பக்கத்தில் இருந்தாய், நான் இங்கே ஒரு போனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

வா என்று எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். குழந்தைக்காக மட்டும் இல்லை. குழந்தை இல்லாமல் போனாலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மாமாவின் அறையில் நீயும் நானும் உட்கார்ந்து, அவரை நான் என்ன செய்தேன் என்று நீ என் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். நீ அங்கேயே இருப்பதாகச் சொன்னால், அவருடைய துணிகளை நீ எடுத்த சட்டை இருக்கும் இடத்துக்கே அனுப்புகிறேன். அந்த வேலையில் உனக்கு உன்மேல் மரியாதை வருகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு உன்னிடம் அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

திங்கட்கிழமை எனக்குப் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் முழுச் சுமைச் சோதனை. நான் இன்ஸ்பெக்டரான பிறகு தனியாகச் செய்யும் பெரிய வேலை இதுதான். மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், அடுத்த பதவிக்கு இதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இதை உனக்குச் சொல்லாமல் இருந்தால் நீ தயங்காமல் போன் செய்வாய் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததைக் கண்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. எனவே சொல்லிவிட்டேன். தெரிந்தே செய். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது; அதனால் உள்ளே என் மூத்த மெக்கானிக்கை இறக்கிவிட்டு, நான் மூன்றரையிலிருந்து கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

இதைக் கூரியரில் போடுகிறேன், நாளை கிடைத்துவிடும். நீ அவர்களிடம் என்ன சொன்னாய் என்பது ஒன்றுதான் பாக்கி. திங்கள் மாலை ஐந்து மணிக்குள் உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த அந்த நிமிஷமே எனக்கும் சொல். நான் எங்கே நிற்கிறேன், எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று பார்க்காதே.

— நான்